வயல் எலி வேட்டை: டெரியர் நாயும் இருளர் அறிவும்

வயல் எலி வேட்டை என்பது விளைநிலங்களின் வரப்புகளிலும் திடல்களிலும் வளை தோண்டி வாழும் எலிகளை நஞ்சு வைக்காமல் நேரடியாகத் தேடிப் பிடிக்கும் தொழிலாகும். உலகின் பல பகுதிகளில் உழவர்கள் இதற்கு நாயின் துணையை நாடினர். இங்கிலாந்தில் இதற்கென்றே டெரியர் எனும் நாய் வகை வளர்க்கப்பட்டது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இத்தொழிலில் கைதேர்ந்தவர்கள் இருளர் பழங்குடியினர். நாயின் மோப்பத்தால் அங்கே நடந்த வேலை, இங்கே பெரும்பாலும் மனிதரின் கண்ணாலும் கையாலும் பழக்கத்தாலும் நடந்தது. இவ்விரு மரபுகளின் வரலாற்றையும், நஞ்சு வந்த பிறகு தமிழ்நாட்டு மரபுக்கு நேர்ந்ததையும், வடசென்னையை ஒட்டிய அத்திப்பட்டுப் பகுதியின் நிலையையும் இக்கட்டுரை கூறுகிறது.

வயலைத் தின்னும் எலிகள்

தமிழ்நாட்டு வயல்களில் காணப்படும் எலிகள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. வரப்பில் வளை தோண்டும் சிறிய பெருச்சாளி, மென்மையான மயிர் கொண்ட வயல் எலி, மேட்டு நிலத்து வெள்ளெலி, வயல் சுண்டெலி ஆகியவை முக்கியமானவை. இவற்றுள் நெல்லுக்குப் பெருங்கேடு செய்வது சிறிய பெருச்சாளி. அறிவியலார் இதனைப் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ் என்பர். இப்பெயரின் முதற்பகுதி தெலுங்கில் வழங்கும் ‘பந்திகொக்கு’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பன்றி எலி என்பது அதன் பொருள். ஆந்திர வயல்களின் சொல் ஆங்கிலத்தில் நுழைந்து, பின்னர் ஆஸ்திரேலியாவில் வாழும் வேறொரு விலங்குக்கும் பெயராகிவிட்டது.

இந்த எலி தின்பதோடு நிற்பதில்லை. கதிர் முற்றும் நேரத்தில் தூரைச் சாய்வாக வெட்டி, கதிர்களை வளைக்குள் இழுத்துச் சென்று சேமிக்கிறது. ஒரு வளையில் பல அறைகள் இருக்கும். குட்டி ஈனுவதற்கு ஓர் அறை, நெல் சேர்த்து வைக்க வேறு அறைகள் எனப் பிரித்திருக்கும். முதன்மை வாயிலின் முன் புதுமண் குவிந்து கிடக்கும். அதுபோக, ஆபத்து வந்தால் தப்பிப்பதற்கு மெல்லிய மண்ணால் மூடிய மறைவு வாயில்களும் உண்டு. ஏறத்தாழ மூன்று வாரக் கருக்காலத்தில் ஓர் ஈற்றில் பல குட்டிகளை ஈனும். அக்குட்டிகளும் சில மாதங்களில் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆகவே ஒரு பருவத்தில் கவனிக்காமல் விட்டால் அடுத்த பருவத்தில் எலித்தொல்லை பன்மடங்காகும்.

திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று நெற்பருவங்கள் உண்டு. ஏரியிலும் கிணற்றிலும் நீர் இருந்தால் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு வயலில் பயிர் நிற்கும். இது உழவருக்கு நன்மை. எலிக்கும் அது பஞ்சமில்லா வாழ்வாகிவிடுகிறது.

இங்கிலாந்தின் டெரியர்

டெரியர் என்ற சொல் மண் அல்லது நிலம் என்று பொருள்படும் இலத்தீன், பிரெஞ்சுச் சொற்களின் வழியே வந்தது. மண்ணுக்குள் புகும் நாய் என்று கொள்ளலாம். 1486இல் இங்கிலாந்தில் அச்சான வேட்டை நூல் ஒன்றிலேயே இப்பெயர் நாய்களின் பட்டியலில் இடம்பெறுகிறது. 1570இல் ஜான் கெயஸ் எனும் மருத்துவர் எழுதிய பிரித்தானிய நாய்கள் பற்றிய நூல், நரியையும் வளைக்கரடியையும் நிலத்தடி வளையிலிருந்து விரட்டும் நாயாக இதனை விளக்குகிறது.

கப்பல்களிலும் இத்தகைய நாய்கள் இருந்தன. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் எனும் ஆங்கிலப் போர்க்கப்பலின் சிதைவில் ஒரு சிறிய நாயின் எலும்புக்கூடு கிடைத்தது. எலி பிடிக்க வைத்திருந்த டெரியர் வகை நாயாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எலி வேட்டைக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று பண்ணைத் தொழில். மற்றொன்று சூதாட்டம். இலண்டனில் ஒரு குழிக்குள் எலிகளை விட்டு, நாய் எத்தனை நிமிடங்களில் அவற்றைக் கொல்கிறது என்று பந்தயம் கட்டினர். 1823இல் பில்லி எனும் நாய் 100 எலிகளை ஐந்தரை நிமிடத்தில் கொன்றதாகப் புகழ்பெற்றது. 1835இல் விலங்கு வதைத் தடைச் சட்டம் வந்து காளைகளை நாய்களுடன் மோதவிடும் கேளிக்கை நின்ற பிறகும் எலிக்குழிப் பந்தயம் பல ஆண்டுகள் நீடித்தது. அதே காலத்தில் ஜாக் பிளாக் என்பவர் விக்டோரியா அரசியின் எலி பிடிப்பவர் என்று தம்மை அழைத்துக்கொண்டு இலண்டனில் தொழில் செய்தார். ஹென்றி மேஹ்யூ இலண்டன் உழைப்பாளர்களைப் பற்றி எழுதிய நூலில் இவரைப் பற்றிய செய்திகள் உள்ளன.

பண்ணையில் நடந்த வேலை பந்தயத்திலிருந்து வேறுபட்டது. டெரியர் சிறிய நாய்தான் என்றாலும் எலி வளைக்குள் நுழையுமளவு சிறியதன்று. எந்த வளையில் எலி இருக்கிறது என்று மோப்பத்தால் காட்டுவதும், மண்ணைக் கிளறுவதும், வெளியே பாயும் எலியை ஒரே கவ்வலில் கொல்வதும் அதன் பணி. எலியை வெளியே வரவழைக்க வேறு உத்தி தேவைப்பட்டது. அதற்கு ஃபெரட் எனப்படும், கீரியைப் போன்ற உடலமைப்புள்ள சிறு விலங்கை வளைக்குள் அனுப்பினர். தண்ணீர் ஊற்றினர். புகையும் விட்டனர். இன்றும் பிரித்தானியப் பண்ணைகளில் சிறு பெட்ரோல் எந்திரத்தின் புகையைக் குழாய்வழியே வளைக்குள் செலுத்தி, வாயில்களில் டெரியர்களை நிறுத்தி வேட்டையாடுபவர்கள் உள்ளனர்.

ஆக, எலி வேட்டை எங்கு நடந்தாலும் மூன்று படிகள் உண்டு. உயிருள்ள வளையைக் கண்டறிதல், எலியை வெளியேற்றுதல், தப்பவிடாமல் பிடித்தல். இந்த மூன்றையும் யார் செய்தார்கள் என்பதில்தான் இரு நாட்டு மரபுகளும் வேறுபடுகின்றன.

தமிழ்நாட்டு வேட்டை நாய்கள்

தமிழ்நாட்டுக்கும் நெடிய வேட்டை நாய் மரபு உண்டு. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை பெயர்பெற்ற இனங்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய் அஞ்சல்தலைகளில் இராசபாளையமும் ஒன்று. சென்னை சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு இவ்வினங்களைப் பேணிவந்தது. ஆனால் இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் நீண்ட கால்கள் கொண்டவை. திறந்த வெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கு ஏற்றவை. கோம்பை காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்றது. எலிக்கென்று தனி நாய் இனம் தமிழ்நாட்டில் உருவாகவில்லை.

அறுவடை முடிந்த வயலில் எலி பிடிக்கச் செல்பவர்களுடன் ஊர் நாய்கள் செல்வதுண்டு. இவை வம்சாவளிச் சான்று எதுவும் இல்லாத நாட்டு நாய்கள். வரப்பை வெட்டும்போது தப்பியோடும் எலியைத் துரத்திப் பிடிக்கும். சில நாய்கள் பழகப் பழக வளை வாயிலில் காத்திருக்கவும் கற்றுக்கொள்ளும். ஆனால் வேட்டையின் மூன்று படிகளில் கடைசிப் படியில்தான் நாய்க்கு வேலை. முதல் இரண்டும் மனிதருடையவை.

இருளர் முறை

இருளர் தமிழ்நாட்டின் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறு சமூகங்களுள் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 1.9 இலட்சம் இருளர் உள்ளனர். நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் வாழ்பவர்கள் ஒரு பிரிவினர். திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் முதலிய சமவெளி மாவட்டங்களில் ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் வாழ்பவர்கள் மற்றொரு பிரிவினர். எலி வேட்டையில் பெயர்பெற்றவர்கள் சமவெளி இருளர்.

வேட்டைக்குரிய கருவிகள் மிகச் சில. கடப்பாரை, மண்வெட்டி, அடியில் துளையிட்ட மண்பானை, வைக்கோல், ஒரு சாக்குப்பை. இவற்றைவிடப் பெரிய கருவி அனுபவம். வாயிலில் குவிந்துள்ள மண் ஈரமாக இருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்று முதலில் பார்ப்பார்கள். சிலந்தி வலை பின்னியிருந்தால் அந்த வளை வெறுமையானது. புழுதியில் கால்தடம், புதிய புழுக்கை, வெட்டிய தூரின் பச்சை ஆகியவை எலி உள்ளே இருப்பதைக் காட்டும். வழவழப்பான தடம் தெரிந்தால் அங்கே பாம்பு நுழைந்திருக்கக்கூடும். எலியைத் தேடி நல்லபாம்பு வளைக்குள் புகுவது வழக்கம். எனவே கையை உள்ளே விடுவதற்கு முன் இதை அறிவது உயிர் காக்கும் அறிவு.

அடுத்து, வளை எத்திசையில் ஓடுகிறது என்று கணித்து மறைவு வாயில்களைத் தேடி அடைப்பார்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் எலி தப்பிவிடும். பின்னர் பானைக்குள் வைக்கோலைத் திணித்து நெருப்பு மூட்டி, பானையின் வாயை வளை வாயிலில் வைத்து மண்ணால் அணைப்பார்கள். அடியில் உள்ள துளை வழியே வாயால் ஊத, புகை வளைக்குள் செல்லும். மூச்சுத் திணறும் எலி மயங்கி விழும், அல்லது திறந்து விட்ட ஒரே வழியில் வெளியே வரும். அதன்பின் வளையை வெட்டினால் எலிகளும், அது சேர்த்த நெல்லும் கிடைக்கும்.

உழவர் எலிக்கு இவ்வளவு என்று கூலி தருவது வழக்கம். வளையிலிருந்து எடுக்கும் நெல் பல இடங்களில் பிடித்தவருக்கே சேரும். எலி இறைச்சி குடும்பத்துக்கு உணவு. ஒரே வேலையில் பயிர்க்காப்பும் கூலியும் தானியமும் புரதமும் கிடைத்தன. 2021இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்தின் தொடக்கத்தில் காட்டப்படும் எலி வேட்டை இத்தொழிலைப் பலருக்கு முதன்முறையாக அறிமுகப்படுத்தியது.

புகைப்பானை முறை இருளருக்கு மட்டும் உரியதன்று. எட்கர் தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதி நூல், யானாதியர் பெருச்சாளி பிடிக்கும் விதத்தை விவரிக்கிறது. புல் திணித்த பானை, நெருப்பு, பானையின் துளை வழியே ஊதுதல், ஒரே வெளிவாயிலில் காத்திருத்தல் என அனைத்தும் அதில் உள்ளன. யானாதியர் நெல்லூர்ப் பகுதியிலும் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலும் வாழ்ந்தவர்கள். அதாவது இம்முறை பழவேற்காட்டின் இரு பக்கத்திலும் நூறாண்டுக்கு மேலாக வழக்கில் உள்ளது. வடக்கே பீகாரில் முசகர் எனும் சமூகத்தின் பெயருக்கே எலி உண்பவர் என்று பொருள் கூறுவர்.

சட்டம் விட்டுவைத்த ஒரே வேட்டை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சமவெளி இருளர் பலருக்குப் பாம்புத்தோல் வணிகம் முக்கிய வருமானமாக இருந்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடைகளும் அந்த வணிகத்தை நிறுத்தின. உடும்பு, முயல் வேட்டைகளும் குற்றமாயின. காட்டுயிர்களைக் காக்க அச்சட்டம் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் சுமை வேறு பிழைப்பு இல்லாதவர்கள் மீது விழுந்தது. அதே சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை எலிகளைத் தீங்குயிர்களாக வகைப்படுத்தி வேட்டைக்கு விட்டுவைத்தது. இருளருக்குச் சட்டப்படி எஞ்சிய வேட்டை எலி வேட்டையே.

1978இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும் இச்சங்கத்தின் உறுப்பினர்கள் உரிமம் பெற்றுப் பாம்புகளைப் பிடித்து, நஞ்சு எடுத்த பின் மீண்டும் விடுகின்றனர். பாம்புக்கடி முறிமருந்துத் தயாரிப்புக்கு இந்த நஞ்சு முக்கிய மூலப்பொருள். பாம்பைத் தேடும் கண்ணும் எலி வளையைப் படிக்கும் கண்ணும் ஒன்றே. அந்த அறிவின் ஒரு பாதி சங்கமாகவும் உரிமமாகவும் ஊதியமாகவும் மாறியது. எலி பிடிக்கும் மறுபாதிக்கு அத்தகைய நிலையான ஏற்பாடு அமையவில்லை.

நஞ்சின் வருகை

பசுமைப் புரட்சிக் காலத்திலிருந்து எலிக்கு நஞ்சுணவு வைக்கும் பழக்கம் பரவியது. சாம்பல் நிறப் பொடியான துத்தநாக பாஸ்பைடைப் பொரி அல்லது அரிசியில் கலந்து வளைக்கருகே வைப்பது ஒரு முறை. ஆனால் தின்ற எலி உடனே துன்புறுவதைக் கண்ட மற்ற எலிகளும், சிறிதளவு தின்று பிழைத்த எலியும் அவ்வுணவை மீண்டும் தொடுவதில்லை. இதற்காகவே சில நாள்கள் நஞ்சில்லாத உணவு வைத்துப் பழக்கிய பிறகு நஞ்சு வைக்கும்படி வேளாண் துறையினர் அறிவுறுத்துவர். பின்னர் வந்த புரோமடியோலோன் போன்ற நஞ்சுகள் இரத்தம் உறையாமல் செய்து மெதுவாகக் கொல்பவை. எலி ஐயம் கொள்வதில்லை. ஆனால் அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் பாம்புக்கும் நஞ்சு சேர்கிறது. நஞ்சுணவைத் தின்று ஊர் நாய்களும் கோழிகளும் இறப்பதுண்டு. எலியின் இயற்கைப் பகைவர்களே இவ்வாறு குறைந்தால் அடுத்த பருவத்தில் எலிதான் பெருகும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இதுதான்.

நஞ்சு வயலோடும் நிற்கவில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையால் மனித உயிர்கள் பறிபோனதால் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது.

நஞ்சில்லாத மாற்றுகள் இன்றும் வேளாண் பரிந்துரைகளில் உள்ளன. மூங்கிலால் செய்யும் தஞ்சாவூர்க் கிட்டி, வரப்பைக் குறுகலாக அமைத்தல், கூகை அமர வயலில் தாங்கிகள் நடுதல், அறுவடைக்குப் பின் ஊரே சேர்ந்து வளை வெட்டுதல் ஆகியவை அவை. வளை வெட்டுதல் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அதைப் பயனுள்ள வகையில் செய்ய வளையைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

பானையிலிருந்து எஃகுக் கருவிக்கு

புகைப்பானை முறைக்கும் விலை உண்டு. நாள்தோறும் வாயால் ஊதுபவருக்கு உதடும் கையும் சுடும். புகை நுரையீரலுக்குள் செல்லும். இக்குறையைத் தீர்க்க, கையால் சுழற்றும் காற்றாடி பொருத்திய எஃகுப் புகைக்கருவியைச் சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் வடிவமைத்தது. இருளர் குடும்பங்களுக்கு இதனை வழங்கும் திட்டம் 2003இல் உலக வங்கியின் வளர்ச்சித் திட்டப் போட்டியில் நிதியுதவி பெற்றது. வேட்டை அறிவில் மாற்றமில்லை. ஊதும் வேலை மட்டும் வாயிலிருந்து கைக்கு மாறியது. ஒரு மரபுத் தொழிலை அழிக்காமல் அதன் தீங்கை மட்டும் நீக்க முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

புகையால் வரும் கேடு குறைந்தாலும் எலிக்காய்ச்சல் எனும் தொற்று அச்சம் உள்ளது. எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்து தோல் காயங்கள் வழியே இந்நோய் பரவுகிறது. வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவருக்கும் உடன் செல்லும் நாய்க்கும் இந்த ஆபத்து ஒன்றே. வளர்ப்பு நாய்க்கு இதற்கான தடுப்பூசி கால்நடை மருத்துவமனையில் போடப்படுகிறது. வேட்டைக்காரருக்குக் குறைந்தது காலுறையும் கையுறையுமாவது தேவை.

அத்திப்பட்டுப் பகுதியில்

அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் இடையே உள்ளது. ஒருபுறம் கொசஸ்தலை ஆறும் எண்ணூர்க் கழிமுகமும், மறுபுறம் பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரத்தின் நெல் வயல்களும் உள்ளன. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் இங்கு இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். பின்னர் வல்லூர் அனல்மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தன.

இப்பகுதியின் இருளர் இரண்டு வகையில் வாழ்ந்தவர்கள். வயலில் எலி பிடித்தனர். கழிமுகச் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தனர். இரண்டுக்கும் நிலமும் நீரும் நலமாக இருக்க வேண்டும். வயல் மனையாகவும் தொழிற்கூடமாகவும் மாறும்போது நில உரிமையாளருக்கு விலையாவது கிடைக்கிறது. அந்த வரப்பில் வேட்டையாடிப் பிழைத்தவருக்குப் பட்டா இல்லை. எனவே இழப்பீட்டுக் கணக்கில் அவர் பெயர் வருவதில்லை. கழிமுகத்தில் சாம்பலும் கழிவும் சேர்ந்தபோது இறாலும் குறைந்தது.

பிழைப்பு குறைந்த இருளர் குடும்பங்கள் முன்பணம் பெற்று அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் சிக்கிக்கொண்ட செய்திகள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பலமுறை வெளிவந்துள்ளன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. இருந்தும் மீட்புகள் தொடர்ந்தன. எலியிடமிருந்து நெல்லைக் காத்தவர்கள் நெல் அரைக்கும் ஆலையில் கடனுக்கு அடைபட்டது இப்பகுதி வரலாற்றின் வேதனையான பக்கம்.

மதிப்பும் மரபும்

2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்தது. நவீனக் கருவிகள் இருந்தும் கண்டறியக் கடினமாயிருந்த பாம்புகளில் 27ஐ முதல் நான்கு வாரங்களுக்குள் அவர்கள் பிடிக்க உதவினர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தடம் பார்க்கும் அறிவு உலகத் தரமானது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. அதே அறிவோடு பொன்னேரி வரப்பில் எலி பிடிப்பவருக்கு இன்னும் எலிக்கு இவ்வளவு என்ற கூலிதான்.

டெரியரின் திறமை இரத்தத்தில் வருவது. இனத்தைப் பேணினால் திறமை பெரும்பாலும் தொடரும். இருளரின் திறமை கற்றுக்கொண்டது. தந்தையும் தாயும் வரப்பில் நடக்கும்போது பிள்ளை பார்த்துப் பழகுவது. ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் அது அறுந்துவிடும். அதற்காக இருளர் பிள்ளைகள் பள்ளியை விட்டு வயலுக்குப் போக வேண்டும் என்று எவரும் கூற முடியாது. சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் மேற்படிப்புக்கு வழியின்றி நின்ற பிள்ளைகள் ஏற்கெனவே பலர். செய்யக்கூடியது வேறு. பாம்புக்கு அமைந்ததைப் போல எலிக்கும் கூட்டுறவு அமைப்பு, உழவர் குழுக்களுடன் பருவ ஒப்பந்தம், பாதுகாப்பான கருவி, ஏக்கருக்கு நிர்ணயித்த கூலி ஆகியவை இருந்தால் இது மதிப்புள்ள தொழிலாகும். நஞ்சுக்குச் செலவிடும் பணம் ஊருக்குள்ளேயே நிற்கும்.

பள்ளியிலும் ஒன்று செய்யலாம். உணவுச் சங்கிலி பற்றிய பாடத்தில் நெல், எலி, பாம்பு, கூகை என்று படம் வரைகிறோம். அந்தப் படத்தில் கடப்பாரையுடன் ஓர் இருளரையும் அவருடன் ஓர் ஊர் நாயையும் சேர்த்து வரைந்தால், வகுப்பில் தன் வீட்டுத் தொழிலைச் சொல்லக் கூசி அமர்ந்திருக்கும் பிள்ளை தலை நிமிர்ந்து பார்க்கும்.